ஒராங்குட்டான் ஓப்பனிங்: ஒரு மூவ் முந்திக்கொண்ட சிப்பாய்

செஸ் ஓப்பனிங்குகளுக்கெல்லாம் எண் கொடுத்துத் தொகுத்த கலைக்களஞ்சியத்தில் ஏ00 என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேறெங்கும் வைக்க இடமில்லாததை ஏற்றிவைக்கும் பரண் அது. முதல் மூவிலேயே பி2 சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி பி4-இல் நிறுத்தும் ஓப்பனிங்கும் அந்தப் பரணில்தான் கிடக்கிறது. பெயருக்கு மட்டும் பஞ்சமில்லை. போலிஷ் என்கிறார்கள், சொக்கோல்ஸ்கி என்கிறார்கள், ஒராங்குட்டான் என்கிறார்கள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "தியரியே படிக்க வேண்டாம், எதிராளி திகைச்சுப் போயிடுவான்" என்று இதை விற்கிறது. இன்னொரு கட்சி பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. பலகையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று இரண்டு கட்சியும் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். நான் பல வருஷமாக வார இறுதி ரேபிட் போட்டிகளிலும் இணையத்திலும் இதை ஆடி வருகிறவன். ரேட்டிங் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனாலும் இதன் நல்லது கெட்டதை விரல் விட்டுச் சொல்லுமளவுக்குப் பழக்கம் உண்டு. அதை ஒரு குறிப்பாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கட்டங்களைத் தமிழெழுத்திலேயே எழுதுகிறேன். வெள்ளையின் இடக்கோடியிலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். யானை, குதிரை, மந்திரி எல்லாம் நாம் வீட்டில் சொல்கிறபடிதான். பலகையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் அந்தக் குரங்குக் கதையை முடித்துவிடுவோம். 1924 மார்ச், நியூயார்க், அலமாக் ஹோட்டல். லாஸ்கர், கபபிளாங்கா, அலெகைன், ரெட்டி என்று பதினோரு பேர் ஆடிய பெரிய போட்டி. நடுவில் கிடைத்த ஓய்வில் ஆட்டக்காரர்கள் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள். அங்கே சூசன் என்ற ஒராங்குட்டானிடம் டார்டகோவர் ஆலோசனை கேட்டாராம், அதுதான் பி4-ஐச் சொல்லிக்கொடுத்ததாம். மார்ச் 21 அன்று மரோட்சிக்கு எதிராக அதையே ஆடினார், தோற்றார். ஓப்பனிங்கிலிருந்து அவர் மோசமாக வெளியே வரவில்லை, நிலை நன்றாகத்தான் இருந்தது. தோல்வி பிறகு வந்தது. ஆனால் சிப்பாய் பி4, பிறகு பி5 என்று மரமேறுவது குரங்கு ஏறுவதுபோல் இருக்கிறது என்று டார்டகோவர் சொன்ன நகைச்சுவையோடு பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் வாய் அப்படி. நகைச்சுவைக்காக ஒரு ஓப்பனிங்கின் மானத்தையே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அதற்கு முந்தைய வருஷமே, 1923-இல் ஸ்கெவனிங்கனில், ரெட்டி ஸ்பெயருக்கு எதிராக இதை எந்தக் குரங்கின் உதவியும் இல்லாமல் ஆடியிருக்கிறார். அதைச் சொல்வாரில்லை.

அந்த நியூயார்க் போட்டியைப் பற்றிப் புத்தகம் எழுதிய அலெகைன், பி4 மேல் வைத்த குற்றச்சாட்டுதான் இன்றுவரை இந்த ஓப்பனிங்கைப் பற்றிச் சொல்லப்பட்டதிலேயே கனமானது. எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று தெரிவதற்கு முன்பே வெள்ளை தன் எண்ணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்றார். சிப்பாய் கெட்ட இடத்தில் நிற்கிறது என்று அவர் சொல்லவில்லை. சீக்கிரம் வந்துவிட்டது என்கிறார். இந்த வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதற்குச் சாட்சி அதே போட்டியில், மறுநாளே கிடைத்தது. மார்ச் 22. எட்டு வருஷமாக ஒரு ஆட்டம்கூடத் தோற்காத உலக சாம்பியன் கபபிளாங்காவை ரெட்டி சாய்த்தார். அந்த ஆட்டம் எப்படித் தொடங்கியது தெரியுமா? வெள்ளை குதிரையை எஃப்3-க்கு எடுத்தது, கறுப்பு குதிரையை எஃப்6-க்கு. வெள்ளை சி4, கறுப்பு ஜி6. மூன்றாவது மூவ், வெள்ளை பி4! டார்டகோவர் முதல் நாள் முதல் மூவில் வைத்த அதே சிப்பாய், அதே கட்டம், அடுத்து அதே பி2 மந்திரி. ஒரு நாளும் இரண்டு மூவும்தான் வித்தியாசம்.

அந்த இரண்டு மூவில் என்ன மாறிவிட்டது? பி4-இல் நிற்கும் சிப்பாய்க்கு எமன் ஒருவன்தான், கறுப்பின் எஃப்8 மந்திரி. ஈ சிப்பாய் கொஞ்சம் நகர்ந்தாலே அந்த மந்திரி நேராக பி4-ஐக் குறி வைக்கிறது. அப்போது வெள்ளை ஏ3 என்று முட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பி5 என்று ஓட வேண்டும். எதுவானாலும் ஒரு மூவ் போயிற்று. கபபிளாங்கா ஜி6 ஆடியதும் அந்த மந்திரி ஜி7-க்குப் போகப்போகிறது என்று முடிவாகிவிட்டது. பி4-ஐ அடிக்க ஆளில்லை. அதைப் பார்த்த பிறகுதான் ரெட்டி சிப்பாயை விட்டார். ஏ3 ஆட வேண்டிய அவசியம் அவருக்கு 12-ஆவது மூவில்தான், கறுப்பு ஏ5 என்று தள்ளிய பிறகுதான் வந்தது. அதற்குள் அவர் காஸ்லிங் முடித்து, காய்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டார்.

இத்தனைக்கும் 1.பி4 ஆடியும் அதே நிலைக்கு வரலாம். 1.பி4, குதிரை எஃப்6. 2.மந்திரி பி2, ஜி6. 3.சி4, மந்திரி ஜி7. 4.குதிரை எஃப்3, காஸ்லிங். 5.ஜி3. பலகையைப் பாருங்கள், ரெட்டி-கபபிளாங்கா ஆட்டத்தின் ஐந்தாவது மூவ், காய்க்குக் காய் அதேதான். ஆனால் இந்த வழியில் வந்தால் கறுப்புக்கு ஜி6 ஆடவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வேறு நல்லதாக எத்தனையோ கிடைக்கிறது. ரெட்டியின் வழியில் கறுப்பு முதலில் வாக்குக் கொடுத்தது, வெள்ளை பிறகு கேட்டது.

இத்தோடு முடித்தால் வழக்கு சுலபம். "பி4 நல்ல மூவ், முதல் மூவாக மட்டும் ஆடாதே" என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போய்விடலாம். நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காரணம், கறுப்பு 1...ஈ5 என்று பதில் சொல்லும்போது வருகிற நிலை. இந்த ஓப்பனிங்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1.பி4 ஈ5. கறுப்பு மையத்தைப் பிடிக்கிறது, கூடவே பி4-ஐயும் தாக்குகிறது. 2.மந்திரி பி2. வெள்ளை சிப்பாயைக் காப்பாற்றவில்லை, பதிலுக்கு ஈ5-ஐத் தாக்குகிறது. கறுப்பு மந்திரி பி4 சிப்பாயை வெட்டுகிறது, வெள்ளை மந்திரி ஈ5 சிப்பாயை வெட்டுகிறது. ஆளுக்கு ஒரு சிப்பாய். இங்கே ஒரு சின்னப் பொறி. ஈ5-இல் நிற்கும் மந்திரி ஜி7-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கறுப்பு யோசிக்காமல் மந்திரியை விரட்டுகிறேன் என்று குதிரையை சி6-க்கு எடுத்தால், மந்திரி ஜி7-ஐ வெட்டும், எச்8 யானை போகும். பிளிட்ஸில் இது விழுவதை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் 3...குதிரை எஃப்6 என்று சரியான குதிரையை எடுத்தால் பொறி அடைந்துவிடும். ஆட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வெள்ளை ஓர ஓரமாகக் கிடந்த பி சிப்பாயைக் கொடுத்து, நடுவில் நின்ற ஈ சிப்பாயை வாங்கியிருக்கிறது. சிசிலியன் ஆடுகிறவர்களுக்கு இந்த வியாபாரம் தெரியும். கறுப்பு தன் சி சிப்பாயைக் கொடுத்து வெள்ளையின் டி சிப்பாயை வாங்கிக்கொள்வதுதானே அதன் அடிப்படையே? அங்கே கறுப்பு செய்வதை இங்கே வெள்ளை செய்கிறது. பி வரிசையும் பாதி திறந்துவிட்டது. யானையை பி1-க்குக் கொண்டுவந்தால் நேராக பி7 வரை அடிக்கும். நீண்ட காலத்துக்கு இது வெள்ளைக்கு லாபமான வியாபாரம், சந்தேகமே இல்லை.

கொடுத்த விலை நேரம். அந்த நிலையில் வெள்ளைக்கு வெளியே இருப்பது ஒரே ஒரு மந்திரி. கறுப்புக்கு மந்திரியும் குதிரையும் வெளியே வந்தாயிற்று, அடுத்த மூவில் காஸ்லிங். 4.சி4 காஸ்லிங் 5.குதிரை எஃப்3 யானை ஈ8 6.ஈ3 டி5 7.சிப்பாய் டி5-ஐ வெட்ட, குதிரை திருப்பி வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பின் ராஜா பத்திரம், யானை பாதி திறந்த ஈ வரிசையில், குதிரை நட்ட நடுவில், மந்திரி பி4-இல் உறுத்திக்கொண்டு. வெள்ளை ராஜா இன்னும் ஈ1-இல் இருக்கிறது. காஸ்லிங் செய்ய இன்னும் இரண்டு மூவ் வேண்டும். அதற்குள் சி6-க்கு ஒரு குதிரை வந்து ஈ5 மந்திரியைத் தட்டும், அது பி2-க்குத் திரும்பும். பி2, ஈ5, மறுபடி பி2 என்று ஒரே மந்திரிக்கு மூன்று மூவ். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டபோது நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பது மாதிரி.

ஆனாலும் வெள்ளை சாகவில்லை. சிப்பாய்களை மட்டும் எண்ணுங்கள். நடுவில் வெள்ளைக்கு டி-யும் ஈ-யும் இருக்கின்றன, கறுப்புக்கு ஒன்றும் இல்லை. கறுப்பின் கூடுதல் பலம் ராணிப் பக்கத்தில், ஏ பி சி என்று மூன்று சிப்பாய்கள். எதிரில் வெள்ளையின் ஏ சிப்பாய் அனாதையாக ஒன்று. காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டுக் கடைசிக் கட்டம் வந்தால் அந்த மூன்றில் ஒன்று ராணியாக ஓடும். ஆகவே வெள்ளை முதல் இருபது மூவைத் தப்பிப் பிழைக்க வேண்டும், கடைசிக் கட்டம் வருமுன் நடுவில் ஏதாவது செய்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் திறக்கிறது. அந்த ஜன்னலுக்காகத்தான் இதை ஆடுவது. கறுப்பின் மந்திரிக்கும் பி4 சொந்த வீடில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றோ நாளையோ அதுவும் பின்வாங்கும், அப்போது வெள்ளைக்கு ஒரு மூவ் திரும்பக் கிடைக்கும்.

இந்த நிலையில் வெள்ளைக்குள்ளேயே ஒரு சண்டை இருக்கிறது. இதை எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நடுவில் இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தால் அவற்றைத் தள்ள வேண்டும், டி4 ஆட வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். ஆனால் பி2 மந்திரியின் மூலைவிட்டம் டி4 வழியாகத்தான் போகிறது. சிப்பாயை டி4-இல் வைத்தால் ராஜா பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மந்திரியின் முகத்தில் கதவைச் சாத்தியதாகிவிடும். தள்ளாமல் டி3-யிலேயே வைத்திருந்தால் நடுவில் இருக்கும் பலம் பலமாகவே ஆகாது. மையம் வேண்டுமா, மந்திரி வேண்டுமா? ஒவ்வொரு ஆட்டத்திலும் இந்தக் கேள்வி வரும். எனக்குத் தெரிந்து இதற்குப் பொதுவான விடை கிடையாது. கறுப்பின் காய்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்த ஓப்பனிங்கை "சுலபமானது" என்று விற்கிறவர்கள் இந்த இடத்தைத் தொடுவதேயில்லை. இது சுலபமான நிலையில்லை சாமி. ஸ்பானிஷ் ஓப்பனிங்கைவிடக் கூடுதலாகவே தீர்மானம் கேட்கிற நிலை.

மற்ற பதில்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 1...டி5 ஆடி, குதிரை எஃப்6, ஈ6 என்று சாதாரணமாக நிறுத்தினாலே போதும், பி4 தாக்கப்படும், வெள்ளை ஏ3-யோ பி5-யோ ஆடித்தான் தீரவேண்டும். ஆட்டம் சமம். சுவாரசியமும் மட்டு. 1...டி5 2.மந்திரி பி2 ராணி டி6 என்றும் ஒன்று உண்டு. இத்தனை சீக்கிரம் ராணியை எடுக்கலாமா என்று பழைய வாத்தியார்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அது பி4-ஐயும் தாக்குகிறது, ஈ5-க்கும் துணை நிற்கிறது. 3.ஏ3 ஈ5 என்றால் கறுப்புக்கு முழு மையமும் கிடைத்துவிடுகிறது. எனக்குப் பிடிக்காத பதில் இது, அதனால் நல்ல பதில்.

1...சி6 ஆடுகிறவர்கள் அடுத்து ராணியை பி6-க்குக் கொண்டுவந்து பி4-ஐ நெருக்குவார்கள். அதில் ஒரு அழகான தந்திரம் வெள்ளைக்கு இருக்கிறது. 2.மந்திரி பி2 ராணி பி6 3.ஏ3 ஏ5 4.சி4, இப்போது ஏ சிப்பாய் பி4-ஐ வெட்டினால் 5.சி5! ராணி சி5 சிப்பாயை வெட்டினால் ஏ3 சிப்பாய் பி4-ஐ வெட்டும். ராணியும் தாக்கப்படுகிறது, ஏ வரிசை திறந்து ஏ8 யானையும் தாக்கப்படுகிறது. இரண்டில் ஒன்று போகும். இந்த மாதிரி ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் ஆறு மாசத்துக்கு வேறு ஓப்பனிங் ஆட மனசு வராது.

1...ஈ5 2.மந்திரி பி2 எஃப்6 என்று ஈ5-ஐக் காப்பாற்றுவதும் பலருக்கு இயல்பாகத் தோன்றும். அங்கே 3.ஈ4! மந்திரி பி4-ஐ வெட்ட 4.மந்திரி சி4 என்று ஒரு காம்பிட் இருக்கிறது, டார்டகோவர் பெயரில். கறுப்பின் எஃப்6 சிப்பாய் தன் குதிரையின் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது, ராஜாவுக்கு முன்னால் மூலைவிட்டத்தையும் திறந்துவிட்டது, காஸ்லிங்கும் கஷ்டம். உடனே ஒரு மிரட்டலும் இருக்கிறது. மந்திரி ஜி8 குதிரையை வெட்டும், யானை திருப்பி வெட்டும், ராணி எச்5-இல் செக், ஜி6 என்று மறைத்தால் ராணி எச்7-ஐ வெட்டி யானையைப் பிடிக்கும். கறுப்பு குதிரையை ஈ7-க்கு எடுத்துத் தற்காத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரு சிப்பாய்க்கு இவ்வளவு விளையாட்டு கிடைப்பது லாபம். கறுப்பு எஃப்6-க்குப் பதில் 2...டி6 என்று அடக்கமாக ஆடினால் இதெல்லாம் ஒன்றும் கிடையாது. அதுதான் சோகம். எதிராளி எவ்வளவு ஆசைப்படுகிறானோ அவ்வளவுதான் இந்த ஓப்பனிங் கொடுக்கும்.

பலரும் இதை 1.பி3-உடன் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். லார்சன் பெயர் பெற்ற ஓப்பனிங் அது. பி3-இல் நிற்கும் சிப்பாயை யாரும் தாக்க முடியாது, ஏ3-க்கென்று மூவ் வீணாகாது. அது உண்மை. ஆனால் பி4 சிப்பாய் சி5 கட்டத்தைக் காவல் காக்கிறது, பி3 சிப்பாய் காக்காது. 1970-இல் பெல்கிரேடில், சோவியத் யூனியனுக்கும் மற்ற உலகத்துக்கும் நடந்த போட்டியில் லார்சன் 1.பி3 ஆடி ஸ்பாஸ்கியிடம் 17 மூவில் தோற்றாரே, அதில் ஸ்பாஸ்கியின் மந்திரி ஐந்தாவது மூவில் வந்து உட்கார்ந்த இடம் சி5. பி4 இருந்திருந்தால் லார்சன் ஜெயித்திருப்பார் என்று சொல்ல வரவில்லை, ஆட்டமே வேறாகியிருக்கும். இரண்டு ஓப்பனிங்கும் அண்ணன் தம்பி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று காட்டத்தான் சொன்னேன்.

இனி அந்த "திகைக்க வைக்கும் ஆயுதம்" என்ற வாதம். எங்கள் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஆட வருவான். நல்ல கை. ஒரு வாரம் வந்து, "அண்ணா, இனிமே வெள்ளைக்கு இது ஒண்ணுதான். ஈ4 தியரி எல்லாம் படிச்சு மாளாது" என்றான். பரீட்சை வருஷம், அவனுக்கு நேரமில்லை, நியாயம்தான். ஆனால் அவன் கணக்கு என்ன? எதிராளிக்கு இது தெரிந்திருக்காது என்பது. சரி, தெரிந்திருக்காது. முதல் மூவில் புருவம் தூக்குவான். பிறகு? டி5, குதிரை எஃப்6, ஈ6, காஸ்லிங் என்று கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் அவன் நிலை நன்றாகவே இருக்கும். ஸ்பானிஷிலோ கிங்ஸ் காம்பிட்டிலோ எதிராளி ஒரு மூவ் மறந்தால் அடி விழும். இங்கே மறப்பதற்கு அவனுக்கு ஒன்றுமேயில்லை. படிக்க வேண்டியவன் வெள்ளைக்காரன்தான். மையத்தைத் தள்ளுவதா மந்திரியைக் காப்பதா, பி5 எப்போது, ஏ3 எப்போது என்று எல்லாத் தீர்மானமும் நம் தலையில். எதிராளியின் வீட்டுப்பாடத்தைக் குறைத்து நம்முடையதைக் கூட்டும் ஆயுதத்தை ஆயுதம் என்று எப்படிச் சொல்வது?

அவனிடமும் இதைத்தான் சொன்னேன். கூடவே இன்னொன்றும். வெள்ளைக்கு முதல் மூவ் கிடைப்பது ஒரு சொத்து. சின்னச் சொத்துதான், ஆனால் சதுரங்கத்தில் இனாமாகக் கிடைப்பது அது ஒன்றுதான். 1.பி4 அதைச் செலவழித்துவிட்டுத் தொடங்குகிறது. இன்றைய எஞ்சினிடம் கேட்டால் ஆட்டம் சமம் என்றோ, கறுப்புக்கு ஒரு நூல் மேல் என்றோ சொல்லும். நம் மட்டத்தில் அந்த நூலால் யாரும் தூக்கில் தொங்கப்போவதில்லை. ஆனால் பதினாறு வயதில், வெள்ளைக் காயை வைத்துக்கொண்டு முன்கை எடுத்து ஆடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில், தினமும் அந்த உரிமையைத் தானே விட்டுக்கொடுத்துப் பழகுவது எனக்குச் சம்மதமில்லை. வாரம் ஒரு ஆட்டம் ஆடு, மற்றதெல்லாம் ஈ4 ஆடு என்றேன். அரை மனசாகத் தலையாட்டினான்.

பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் ஆடவில்லையா என்றால், ஆடியிருக்கிறார்கள். 1960-இல் மாஸ்கோ-லெனின்கிராட் போட்டியில் ஸ்மிஸ்லோவுக்கு எதிராக ஸ்பாஸ்கி ஆடினார். ஆனால் வாழ்நாளையே இதற்குக் கொடுத்தவர் ஒருவர்தான், அலெக்ஸி சொக்கோல்ஸ்கி. 1908-இல் பிறந்து 1969-இல் இறந்த சோவியத் ஆட்டக்காரர். 1963-இல் இந்த ஒரு மூவுக்காகத் தனிப் புத்தகமே எழுதினார். யாரும் மதிக்காத ஒரு சிப்பாய்க்கு அவர் கொடுத்த மரியாதை பெரியது. எனக்கு ஒராங்குட்டான் என்ற பெயரைவிட அவர் பெயர் இதற்கு ஒட்டுவது பிடித்திருக்கிறது. என்ன செய்ய, தலைப்பில் நானே குரங்கைத்தான் போட்டிருக்கிறேன். அப்போதுதான் படிக்க வருகிறீர்கள்.

இப்போது அலெகைனின் குற்றச்சாட்டுக்குத் திரும்பலாம். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டால் மருந்தும் கையிலேயே இருக்கிறது. முதலில் குதிரை எஃப்3. கறுப்பு ஜி6 பக்கம் போனால் ரெட்டி மாதிரி பி4. கறுப்பு 1...டி5 என்றால் 2.பி4 ஆடவும் ஆளுண்டு, அமெரிக்கர் சாந்தாசியர் ஆடிப் பிரபலமாக்கியது. அதற்குப் பெயரே சாந்தாசியரின் மடமை. பெயர் வைப்பதில் இந்தச் சிப்பாய்க்கு அப்படியொரு ராசி. எப்படியானாலும் எஃப்3 குதிரை ஈ5-ஐக் காவல் காப்பதால் கறுப்பால் நினைத்த மாத்திரத்தில் ஈ5 ஆட முடியாது. வெள்ளைக்கு ஆபத்து குறைகிறது. எஞ்சினும் சந்தோஷப்படும்.

ஆனால் போனது என்ன? 1...ஈ5-இல் வருகிற அந்த வியாபாரம் போயிற்று. பி சிப்பாயைக் கொடுத்து ஈ சிப்பாயை வாங்கும் அந்த நிலை, கறுப்புக்கு நேரம், வெள்ளைக்கு மையம், நடுவில் ஒரு ஜன்னல் என்று நான் மேலே இத்தனை பத்தி எழுதினேனே, அது குதிரையை முதலில் எடுத்தால் வரவே வராது. முதலில் பி4-ஐக் காட்டிக்கொடுத்தால்தான் கறுப்பு ஈ5 என்று பாய்ந்து வரும். அலெகைன் குற்றம் என்று சொன்ன அந்தக் காட்டிக்கொடுப்புதான், இந்த ஓப்பனிங்குக்கே உரிய ஒரே நிலைக்கும் விலை. பத்திரமான பாதையில் போகிறவருக்குக் கிடைப்பது நல்ல ரெட்டி ஓப்பனிங். அது ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது, அதற்கு ஏ00 பரணில் ஏற வேண்டியதில்லை.

அதனால்தான் முதல் மூவாக பி4 ஆடுவதை நான் இன்னும் நிறுத்தவில்லை. ரேபிடில் மட்டும், தோற்றாலும் பரவாயில்லை என்று உட்காரும் நாட்களில் மட்டும். எதிராளி 1...ஈ5 ஆடினால் மனசு குதிக்கிறது. 1...டி5 ஆடினால் ஒரு டீ சொல்லிவிட்டு நீண்ட மதியத்துக்குத் தயாராகிவிடுகிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. 3...குதிரை எஃப்6-க்குப் பிறகு 4.சி4 ஆடுவதா 4.குதிரை எஃப்3 ஆடுவதா என்பது. மேலே சி4-ஐக் காட்டினேன், ஆனால் சி4 ஆடாமல் வைத்திருந்தால் சி3 என்று தள்ளி பி4 மந்திரியை விரட்டும் வழி மிச்சமிருக்கிறது, டி4-க்கும் ஒரு துணை கிடைக்கிறது. பதிலுக்கு, கறுப்பின் டி5-ஐ உடனே கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது. என்னிடம் இருக்கும் ஆட்டங்களை இரண்டு பக்கமும் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.